பிரவுசர் இருந்தா போதும்னு சொன்ன மகராசன் எங்கே?

இன்னைக்கும் அதே வெள்ளைத் திரை. நடுவுல ஒரு சோக மூஞ்சி. கீழே, "உங்கள் இயங்குதளத்தில் இந்தச் சேவையைப் பயன்படுத்த இயலாது. விண்டோஸ் அல்லது மேக் கணினியிலிருந்து முயலவும்." அடேய், உன் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணவா கேட்டேன்? ஒரு வெப் பக்கத்தைத் திறக்கத்தானே வந்தேன்!

ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கூன்னு விண்டோஸும் இல்லாத மேக்கும் இல்லாத ஓஎஸ்களை வச்சுக்கிட்டு அல்லாடுற நம்ம எல்லாருக்கும் ஓதப்பட்ட மந்திரம்தான்: "ஆப் இல்லையா? கவலையை விடுங்க, எல்லாம் வெப்லயே வந்தாச்சு." வந்துச்சு. வாசல்ல காவலாளியையும் கூட்டிட்டு வந்துச்சு.

நடந்ததைக் கேளுங்க. யாரோ கட்டமும் அம்புக்குறியுமா போட்டு அனுப்பின ஒரு விளக்கப் படத்தைத் திறக்கணும், அவ்வளவுதான். ஃபயர்பாக்ஸ், புத்தம்புது பதிப்பு. சோக மூஞ்சி. குக்கீயெல்லாம் துடைச்சேன். சோக மூஞ்சி. ஆட்பிளாக்கரை அணைச்சேன், பிரைவேட் விண்டோ திறந்தேன். மூஞ்சி அசையல. கடைசியா அபவுட்:கான்ஃபிக்ங்கிற ஃபயர்பாக்ஸோட உள் அமைப்புப் பக்கம் போய், பிரவுசர் தன் பேரையும் ஓஎஸ் பேரையும் தளத்துக்குச் சொல்ற யூசர் ஏஜென்ட் வரியில ஃப்ரீபிஎஸ்டிங்கிற இடத்துல விண்டோஸ்னு மாத்தி எழுதினேன். திறந்துடுச்சு! பெருசாக்கினா ஆகுது, இழுத்தா வருது, சேவ் ஆகுது, பிரிண்டும் ஆகுது. அப்போ எதுடா "இயலாது"? எவனோ கோடுல 'இந்த ஓஎஸ்னா விடாதே'ன்னு எழுதி வச்ச ஒரு இஃப், அதானே?

அந்த யூசர் ஏஜென்ட் வரியோட யோக்கியதை தெரியும்ல? குரோம் அதுல தன்னை மோசில்லாங்குது, ஃபயர்பாக்ஸோட இன்ஜினான கெக்கோ மாதிரிங்குது, கடைசியில சஃபாரிங்குது. 90கள்ல இருந்து எல்லா பிரவுசரும் பொய் சொல்லியே பிழைக்கிற வரி அது. அதுல நான் சொன்ன ஒரே ஒரு உண்மைதான் இவங்களுக்குக் குத்திடுச்சு.

சினிமா காட்டுற தளம் மறுத்தா புரிஞ்சுக்கிறேன். படத்தைக் காப்பி அடிக்க விடாம பூட்டுற வைட்வைன், கூகுளோட மூடின பைனரி, அதை ஃப்ரீபிஎஸ்டிக்குன்னு அவங்க விடவே இல்லை. வயிறு எரியும், ஆனா காரணம்னு ஒண்ணு இருக்கு. கட்டமும் அம்புக்குறியும் போடுற பக்கத்துக்கு என்னய்யா காரணம்?

இன்னும் முடியல. விண்டோஸ்காரனா வேஷம் போட்டு உள்ளே போனதும் ஒரு பாப்-அப்: "மேம்பட்ட அனுபவத்துக்கு எங்கள் டெஸ்க்டாப் ஆப்!" மூடுற பெருக்கல் குறி கண்ணுக்கே தெரியாத சாம்பல் நிறம். கை தவறி வேற எங்கேயோ பட்டு, விண்டோஸுக்கான ஒரு இஎக்ஸ்இ கோப்பு சாவகாசமா இறங்கிட்டு இருக்கு. அந்த ஆப் என்னன்னு பார்த்தா, வெப் பக்கத்தை ஆப்பா கட்டித் தர்ற எலக்ட்ரான்! அதாவது இதே பக்கம், கூடவே ஒரு முழு குரோமியம் பிரவுசர். பிரவுசர்ல ஓடக் கூடாதுன்னு விரட்டின பக்கத்தை, இன்னொரு பிரவுசருக்குள்ள மடிச்சு வச்சுத் தர்றாங்க. எலக்ட்ரான்காரங்க விடுறதும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்குத்தான். நமக்கு அங்கேயும் பட்டை நாமம்.

பொங்கிட்டு வந்துச்சு. அவங்க புகார்ப் பெட்டியிலேயே உட்கார்ந்து பத்தி பத்தியா எழுதினேன். ஒரு வார்த்தை கொஞ்சம் கெட்ட வார்த்தையா விழுந்துடுச்சு, அழிப்போம்னு டெர்மினல் பழக்கத்துல கண்ட்ரோல் டபிள்யூ அடிச்சேன். டேபே போயிடுச்சு. என் ஓஎஸ் பேரை அவ்வளவு கரிசனமா விசாரிச்சவங்களுக்கு, "எழுதினது போயிடுமே, பரவாயில்லையா"ன்னு ஒரு வார்த்தை கேட்கத் தோணல பாருங்க. சிரிச்சுட்டேன், வேற என்ன பண்ண?

ஆனா ஒண்ணு. வார்த்தையை அழிக்கிற அதே விசையில டேபை மூடுற வேலையையும் கொண்டு வந்து வச்ச புண்ணியவான் யாருய்யா?