உளையும் உளைவும்

(தம்பலகாமம். மார்கழி மழை விட்ட விடியல். வயலுக்குப் போகும் பாதை. பாதை என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. கமராவோடு ஒரு தம்பி. உரப்பையைத் தலைக்குக் கொங்காணி போட்ட ஒரு அக்கா.)

தம்பி: அக்கா, இஞ்ச நல்ல உளை எங்க இருக்கு?

அக்கா: எனக்கு முழங்காலில. உனக்கு?

தம்பி: உளைவு இல்லையக்கா, உளை. கால் புதையிற சேறு.

அக்கா: ரெண்டும் ஒண்டுதான். இதில நடந்துதான் அது வந்தது.

தம்பி: நான் படப் போட்டிக்கு வந்தனான். தலைப்பு 'குவாக்மயர்'.

அக்கா: ஆர் அவர்?

தம்பி: ஆளில்லை, இங்கிலீசுச் சொல்லு. 'குவாக்' எண்டா மிதிச்சா ஆடுற சதுப்பு. 'மயர்' எண்டாலும் சேறுதான்.

அக்கா: சேத்துச் சேறு. கேட்டுக் கதவு மாதிரி.

தம்பி: வெளிய வர ஏலாத சிக்கலுக்கும் அதையே சொல்லுவினம். வெளிக்கிடப் பாக்கப் பாக்க இன்னும் தாழும். எங்கட வள்ளுவரும் நரகத்தை 'அளறு' எண்டுதான் சொன்னவர். அளறு எண்டாலும் சேறுதான்.

அக்கா: அந்த மனுசன் இந்தப் பாதையால வந்திருக்கிறார்.

தம்பி: யுத்தம், கடன், காணி வழக்கு, எல்லாம் குவாக்மயர்தான்...

அக்கா: கிரவலையும் சேர்.

தம்பி: கிரவலோ?

அக்கா: இது களிமண். தண்ணி நிக்கேக்க மேல கிரவல் கொட்டினா, முதல் உழவு மிசின் போனவுடனே கல்லு கீழ, களி மேல. முதல்ல ரெண்டு கரையிலயும் கான் வெட்டோணும். தண்ணி வடிஞ்சு நிலம் இறுகினாப் பிறகு, அரை அடி போட்டு உருட்டி, அதுக்கு மேல இன்னொரு அரை அடி போட்டு உருட்டோணும். நடுமுதுகு உயர்ந்து நிண்டாத்தான் மழை கானுக்கு ஓடும். இஞ்ச எல்லா மாரிக்கும் லொறி வரும். கான் வராது.

தம்பி: அப்ப இதுதான் அசல் குவாக்மயர்!

அக்கா: எங்களுக்கு. லொறிக்காரருக்கு இல்லை.

(தம்பி ஸ்டாண்டை விரிக்கிறார்.)

அக்கா: ஏன் ஒல்லிக் காலை முதல்ல இழுக்கிறாய்? முறியாதோ?

தம்பி: அடிக்காலை முழுசா இழுத்தாத்தான் பூட்டு சேத்துக்கு மேல நிக்கும். பூட்டுக்குள்ள மண் போனா அடுத்த தரம் திறக்க ஏலாது. உப்பங்கழிச் சேறெண்டா அண்டைக்கே நல்ல தண்ணியில கழுவோணும்.

அக்கா: பூட்டு மேலதான் நிக்குது. ஸ்டாண்ட் கீழ போகுது.

தம்பி: ஐயோ!

அக்கா: மூண்டு சிரட்டை தாறன். மல்லாத்தி வைச்சு ஒவ்வொரு காலையும் உள்ள இறக்கு. தட்டைப் பலகை இன்னும் நல்லம். ஆனா வீட்டில இருந்த பலகையெல்லாம் இந்தப் பாதைக்குள்ளதான் கிடக்கு.

தம்பி: வெயில் ஏறமுதல் எடுக்கோணும். பக்கத்து வெளிச்சத்திலதான் டயர்த் தடம் மேடு பள்ளமாத் தெரியும். உச்சி வெயிலில எல்லாம் சப்பட்டை.

அக்கா: ஆழம் விளங்குமோ?

தம்பி: அதுதான் கரைச்சல். முழங்கால் ஆழமும் படத்தில பாய் விரிச்ச மாதிரித்தான். பக்கத்தில அளவு தெரிஞ்ச ஒரு சாமான் நிக்கோணும்.

அக்கா: இந்தா, மண்வெட்டி. பிடியை நடு.

(நடுகிறார். முக்கால்வாசி உள்ளே போகிறது. பின்னாலேயே தம்பியின் வலது காலும்.)

தம்பி: அக்கா! கால்!

அக்கா: இப்ப வந்ததோ உளைவு?

தம்பி: இழுக்க வருகுதில்லை!

அக்கா: நட்டுக்கு இழுக்காத. குதிக்குக் கீழ காத்துப் போகாட்டிச் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். காலைச் சின்னனா ஆட்டு, பக்கத்தால தண்ணி இறங்கட்டும். பாரத்தைப் பின்னால சாய். பிறகு குதியை முதல்ல கிளப்பு.

தம்பி: முழுசாத் தாழ மாட்டனாம் அக்கா. புதைமணல் மனுசரை விட ரெண்டு மடங்கு அடர்த்தி. இடுப்போட மிதப்பமாம். 2005இல ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கினம்.

அக்கா: அப்ப ஆறுதலா நில்லு. நான் மாட்டுக்குத் தண்ணி வைச்சிட்டு வாறன்.

தம்பி: அக்கா!!

(கால் வந்தது. சப்பாத்து வரவில்லை.)

தம்பி: பரவாயில்லை. இதைப் பாருங்கோ. லென்சுக்கு முன்னால போலரைசர் போட்டிருக்கிறன், மினுக்கத்தை வெட்டுற கண்ணாடி. இப்பிடித் திருப்பினா தண்ணியில வானம், கொக்கு, தங்க வெளிச்சம். வானம் கூட மினுங்கினா கமரா ஏமாந்து சேத்தைக் கறுப்பாக்கிப் போடும், அதுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டோணும். அப்பிடித் திருப்பினா மினுக்கம் போய், பள்ளத்தின்ர அடி தெரியும். நேரா குனிஞ்சு பாத்தா வேலை செய்யாது. தண்ணி மட்டத்தில இருந்து 37 பாகை அளவில சரிச்சுப் பிடிக்கோணும்.

அக்கா: மனுவோட வைக்க எனக்கு அடி தெரியிறது வேணும். மண்வெட்டியோட.

தம்பி: போட்டிக்கு வானம்தான் எடுபடும்.

அக்கா: வானத்தைப் போன வருசமும் ஒரு பொடியன் எடுத்தவன். கலண்டரில வந்தது. மனு குடுக்கக் கந்தோருக்குப் போனா, ஐயாட கதிரைக்குப் பின்னால எங்கட பாதை தொங்குது. 'வடிவான இடம், எங்கயம்மா இது?' எண்டு என்னட்டயே கேட்டார்.

தம்பி: நீங்கள் என்ன சொன்னீங்கள்?

அக்கா: உளை எண்டன்.

தம்பி: அவர்?

அக்கா: 'எந்தக் கால்?' எண்டார்.