கரும்புகை போனால் போதுமா?

டீசலில் பயோடீசலை, அதாவது சோயா போன்ற தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எரிபொருளை, கலந்துவிட்டால் புகைப் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு பேச்சு அடிக்கடி கண்ணில் படுகிறது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் இந்தப் பதிவு.

முதலில் உண்மையான பாதி. சாதாரண டீசலில் ஆக்சிஜன் கிடையாது. பயோடீசலின் எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் ஆக்சிஜன். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும்போது காற்று சரியாகக் கலக்காத இடத்தில்தான் கரி உருவாகிறது. எரிபொருளே ஆக்சிஜனைக் கையோடு கொண்டுவந்தால் அங்கே கரி குறையும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் கனரக எஞ்சின் சோதனை முடிவுகளைத் தொகுத்தது. சோயா பயோடீசல் 20 சதவீதம் கலந்தபோது புகையில் வரும் துகள்களின் எடை சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. முழுக்க பயோடீசலே ஊற்றினால் கிட்டத்தட்ட பாதி. பதிலுக்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற நச்சு வாயுக்கள் கொஞ்சம் கூடின.

கவனியுங்கள், அது எடைக் கணக்கு. நுரையீரலின் ஆழம்வரை போவது 0.1 மைக்ரானுக்கும் சிறிய துகள். அவற்றில் லட்சக்கணக்கானவை சேர்ந்தாலும் எடை ஒன்றும் வராது. பயோடீசலில் பெரிய கரித்திரள்கள் குறைவதால், ஆவியாகப் போகும் எரியாத எண்ணெய் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் தானே குளிர்ந்து நுண்துளிகளாகிவிடும். வண்டி நின்றபடி ஓடும்போதும் சுமை குறைவாக இருக்கும்போதும் இப்படி எண்ணிக்கை கூடியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன; குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எஞ்சினும் எண்ணெயும் மாறினால் முடிவும் மாறும். கண்ணுக்குக் கரும்புகை தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

துகள் எண்ணிக்கையை உண்மையில் அடக்குவது, புகை வெளியேறும் வழியில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 என்னும் வாகனப் புகை விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம் என்று எடைக்கு வரம்பு வைத்ததோடு, 60,000 கோடி என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. ஃபில்டர் இல்லாமல் டீசல் வண்டி அந்த எண்ணிக்கைக்குள் வருவது நடக்காத காரியம். ஆகவே ஃபில்டர் ஒழுங்காக உள்ள புது வண்டியில் 5 சதவீதக் கலப்பு துகள் விஷயத்தில் பெரிதாக எதையும் மாற்றாது. ஃபில்டரே இல்லாத பழைய லாரி, ஜெனரேட்டர், மீன்பிடி விசைப்படகு ஆகியவற்றில்தான் அதனால் லாபம். கிடைக்கிற கொஞ்சம் பயோடீசலை அங்கே கொடுங்கள் என்பதே என் கட்சி.

ஆனால் நம் நாட்டின் உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் நாடு முழுக்க 5 சதவீதம் என்று பரப்பிப் பேசுகிறது. (2003-இல் காட்டாமணக்கு எண்ணெயை நம்பி 20 சதவீதம் என்றார்கள். அந்தச் செடிகள் என்ன ஆயின என்று நட்ட விவசாயிகளைக் கேளுங்கள்.) பொரித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை மட்டும் மனதார வரவேற்கிறேன். அந்த எண்ணெய் மறுபடி பஜ்ஜிக் கடைக்குப் போகாமல் இருந்தாலே பாதி வெற்றி.

எனக்குப் பெரிய கவலை வேறு. நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டியில் ஃபில்டர் சூடேறாமல் கரி அடைத்து, டேஷ்போர்டில் லைட் எரியும். நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் விட்டால் பெரும்பாலும் எரிந்து சுத்தமாகிவிடும். அதற்குப் பொறுமையில்லாமல், உள்ளே இருப்பதை உடைத்தெடுத்து வெறும் கூட்டை மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டரையும் ஏமாற்றிக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. நமது புகைப் பரிசோதனை மையம் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும். ஃபில்டர் பிடுங்கிய புது வண்டியும் அதில் தேறிவிடலாம். பெல்ஜியம் 2022-இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இலும் வண்டிப் பரிசோதனையில் துகள்களை எண்ணவே தொடங்கிவிட்டன. நமக்கு அந்தக் கருவி வரும்வரை, செகண்ட் ஹேண்டில் பிஎஸ்-6 டீசல் வண்டி வாங்குபவர்கள் சைலன்சர் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். கரி அப்பிக்கொண்டு வந்தால் ஃபில்டர் எங்கே என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.