மண் வேறு, மலம் வேறு

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் காதுகுத்தில் நடந்ததை நான் புதிதாக விவரிக்க வேண்டியதில்லை. என் பேரன் தோட்டத்து மண்ணிலிருந்து பிடுங்கிய காரட்டைத் தின்றதும், அதற்காக அவனுக்குச் சானிடைசர் அடிக்கப்பட்டதும் உள்ள அந்த நாற்பது விநாடிக் காணொளியை உறவுக்காரர்கள், ஊர்க்காரர்கள், என்னோடு வேலை பார்த்தவர்கள் என எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மூன்று நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். "31 வருஷம் நர்சா இருந்தவங்களுக்கு இந்தச் சுத்தம்கூடத் தெரியாதா?" என்று நேற்று ஒருவர் கேட்டிருந்ததைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

காணொளியில் வராத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பின்பக்கம் இரண்டு சென்ட் இடத்தில் நான் காரட் போட்டிருக்கிறேன். ஐந்து வயதுப் பேரன் தழையை இரண்டு கையாலும் பற்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தான். காரட் விடுபட்ட வேகத்தில் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டு, விரலளவுகூட இல்லாத அந்தக் காரட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். குழாயடிக்குக் கூட்டிப்போய்க் காரட்டைத் தேய்த்துக் கழுவினேன்; அவன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். நகக்கண்ணில் கொஞ்சம் செம்மண் நின்றது. கால்சட்டையில் நிறையவே இருந்தது. அவன் ஒரு கடி கடித்த இடத்தில்தான் காணொளி ஆரம்பிக்கிறது. அதன் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள்: உறவுக்காரப் பெண்மணி ஒருவர் காரட்டைப் பிடுங்கி எறிந்தார், சானிடைசரை அவன் கைகளிலும், பிறகு வாயைச் சுற்றியும் அடித்தார், அது கண்ணோரம் பட்டு எரிந்ததும் அவன் வீறிட்டு அழுதான்.

மண் வேறு, மலம் வேறு. துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் தாய்மார்களிடம் நான் சொல்லிவந்தது இது ஒன்றுதான். இந்தப் பதிவில் சொல்லப்போவதும் இது ஒன்றுதான். பிள்ளைகளைப் பேதியில் படுக்கவைக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை மனித மலத்திலிருந்தும் விலங்குக் கழிவிலிருந்தும் கை வழியாக, ஈ வழியாக, குடிநீர் வழியாக வாய்க்குப் போகின்றன. அந்த வழியை அடைப்பதற்குப் பெயர்தான் சுத்தம். பிள்ளை தொடும் எல்லாவற்றிலும் உள்ள எல்லா உயிரையும் கொல்வது என்பது முற்றிலும் வேறு காரியம். ஒரு கிராம் தோட்டத்து மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதனுக்கு நோய் தருபவை அல்ல.

மலத்தின் ஆபத்தை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1972-இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை. அதில் ஏழு பேர். மேட்டில்தான் எல்லோரும் ஒதுங்குவார்கள். பள்ளத்தில் இருந்த ஊற்றில்தான் எல்லோரும் குடிக்கத் தண்ணீர் எடுப்பார்கள். 1974 ஆடி மழையில் மேட்டுத் தண்ணீர் ஊற்றில் இறங்கியது. என் தங்கைக்கு மூன்று வயது. காலையில் தொடங்கிய பேதி, அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள் அவள் கண்ணைக் குழியாக்கிவிட்டது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் சொன்னதால், அவள் கேட்டுக் கேட்டு அழுத தண்ணீரையும் நாங்கள் கொடுக்கவில்லை. மறுநாள் விடியவில்லை அவளுக்கு. 1971-இலேயே வங்கதேச எல்லையில் உள்ள பன்காவ் என்ற ஊரில் அகதிகளுக்கு மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருந்தார் என்பதைச் செவிலியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மூன்றும் எங்கள் அறையிலேயே இருந்தன.

அந்தத் தங்கை விளையாடாத மண் அந்த எஸ்டேட்டில் கிடையாது. அவளைக் கொன்றது அந்த மண் இல்லை.

ஆகவே, எனக்குச் சுத்தம் தெரியாது என்று சொல்பவர்கள் யோசித்துச் சொல்லுங்கள். மலம் கழித்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவிய பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், பச்சை இறைச்சியைத் தொட்ட பிறகு இருபது விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, நடந்து சொன்னவள் நான். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் கை கழுவச் செய்து பிரசவித்த தாய்களின் சாவைக் குறைத்தார். அதற்காக ஏச்சும் வாங்கினார். அந்தக் கை கழுவலைத்தான் நான் கும்பிடுகிறேன். எல்லா இடத்திலும் சானிடைசரால் அந்த வேலையைச் செய்ய முடியாது. மண்ணோ பிசுக்கோ தெரியும் கையில் அது சரியாக வேலை செய்யாது என்று சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பேரனின் வாயோரத்தில் அடிக்கப்பட்டது, உள்ளே போனால் சிறு பிள்ளைக்கு நஞ்சாகக்கூடிய ஆல்கஹால். காரட்டில் இருந்த மண்ணைக் கண்டு பதறியவர்கள் இதற்குப் பதறவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நோய் எதிர்ப்பாற்றலுக்கு வருகிறேன். பிள்ளைக்கு அடிக்கடி நோய் வந்தால்தான் உடம்பு உரமாகும் என்று நான் எங்கும் சொன்னதில்லை. அப்படி நான் சொன்னதாகப் பரப்புவது நியாயமில்லை. 1989-இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற ஆய்வாளர், 1958-இல் பிரிட்டனில் பிறந்த 17,414 பேரின் விவரங்களைப் பார்த்து, அண்ணன் அக்காள் நிறைய உள்ள வீட்டுக் கடைக்குட்டிகளுக்கு ஒவ்வாமைச் சளித்தொல்லை குறைவாக இருப்பதாக எழுதினார். சின்ன வயதுத் தொற்றுகள்தான் காரணமோ என்று அன்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தி, மனிதனோடு காலங்காலமாக வாழ்ந்துவரும் தீங்கற்ற நுண்ணுயிர்களின் பழக்கம்தான் உடம்புக்கு எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறது என்றார்கள். 2016-இல் அமெரிக்காவில், ஒரே விதமான உணவும் பூர்வீகமும் கொண்ட இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். ஆமிஷ் பிள்ளைகள் வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்திலேயே வளர்கிறார்கள். ஹட்டரைட் பிள்ளைகள் இயந்திரமயமான பண்ணைகளிலிருந்து தள்ளி வளர்கிறார்கள். ஆமிஷ் பிள்ளைகளைவிட ஹட்டரைட் பிள்ளைகளிடம் ஆஸ்துமா நான்கு மடங்கு இருந்தது. பின்லாந்தில் மழலையர் காப்பக முற்றங்களில் காட்டு மண்ணையும் செடிகளையும் கொண்டுவந்து பரப்பி, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை 28 நாள் விளையாடவிட்டார்கள். அவர்கள் தோலில் இருந்த நுண்ணுயிர் வகைகள் பெருகின, இரத்தத்தில் எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தும் அறிகுறிகள் கூடின. 2020-இல் வந்த அந்த ஆய்வில் 75 பிள்ளைகள்தான், சிறிய ஆய்வுதான். அதையே பெரிய நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

"அப்படியானால் தடுப்பூசி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தடுப்பூசியைப் போல எதிர்ப்பாற்றலை வளர்ப்பது வேறெதுவும் இல்லை. 1907-இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யத் தொடங்கி, பிற்காலத்தில் முத்தடுப்பு ஊசியும் தயாரித்த பாஸ்டர் நிறுவனம் நம் குன்னூரில்தான் இருக்கிறது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மட்டத்துக்கு மட்டம் இறங்கி ஊசி போட்டவள் நான். மண்ணில் இரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி இருக்கிறது என்பது உண்மை. அதற்குத்தான் அந்த ஊசி. கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறும் என்பதும் உண்மை. அது மலம் கலந்த மண்ணில்தான் வளர்கிறது, செருப்பும் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையும் அதற்குப் போதும். மண்ணில் விளையாடிய கையோடு சோறு தின்னக் கூடாது என்பதையும் நான்தான் அவனுக்குப் பழக்கினேன்.

"நீலகிரிக் காரட்டில் எவ்வளவு பூச்சிமருந்து அடிக்கிறார்கள் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். தெரியும். நியாயமான கவலைதான், எனக்கும் அது உண்டு. நான் மருந்து அடிப்பதில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பூச்சிமருந்தைச் சானிடைசர் போக்காது.

கொரோனா காலத்தில் நான் சொன்னதையும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆமாம், 2020-இல் சானிடைசர் போடச் சொன்னேன். தண்ணீர் இல்லாத இடத்தில், பேருந்தில், மருத்துவமனையில் இன்றும் அதையே சொல்வேன். அது எவருடைய உடம்பும் முன்பின் அறியாத தொற்று. காலையிலிருந்து மாலை வரை அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள் வியர்த்து நின்று சளி மாதிரி எடுத்தோம். எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள். நாங்கள் குடித்த டம்ளரைத் தூக்கி எறிந்தவர்களும் இருந்தார்கள். அதையெல்லாம் கடமை என்று பொறுத்துக்கொண்டேன். அன்று நான் சொன்னதை எடுத்து இன்று தோட்டத்து மண்ணோடு முடிச்சுப் போடுவது எனக்கு வலிக்கிறது.

அந்தப் பயம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஓர் இளம் தாய், கிருமி சாகட்டும் என்று குளியலறையில் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றிவிட்டாள். மழைக்குளிர், சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. இருமி இருமி நீலம் பாரித்து வாசலில் விழுந்தவளை ஜீப் பிடித்துக் கொண்டுபோனோம். கைக்குழந்தை அடுத்த அறையில் இருந்ததால் பிழைத்தது. அதே வீட்டு அடுப்படியில் நாள்கணக்கில் காயாத கரித்துணி ஒன்று நாற்றமடித்துக் கிடந்தது. நம் மலை ஈரத்தில் கவலைப்பட வேண்டியது அந்தத் துணியைப் பற்றித்தான். கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்தினால் போதும். கிருமிநாசினி சோப்பு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதும் வேண்டாம். சாதாரண சோப்பைவிட மேலானவை என்று காட்ட முடியாததால், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்கள் சேர்த்த கழுவும் சோப்புகளை 2016-இல் அமெரிக்க அரசே விலக்கிவிட்டது.

இவ்வளவு எழுதியும் மனத்தில் முள்ளாக நிற்பது வேறு. காணொளியில் சரியாகக் கேட்காமல் போன, அந்தப் பெண்மணி சொன்ன ஒரு வரி: "லயத்துப் பழக்கத்தையெல்லாம் எங்க பிள்ளைக்குப் பழக்காதீங்க." அந்த லயத்து அறையை என் அம்மா தினமும் சாணி மெழுகி வைத்திருந்தாள். பனி விழும் மார்கழியிலும் குளிக்காமல் மலைக்குப் போனதில்லை. ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு துணிதான் என்றாலும், அடுப்புச் சாம்பலைத் தேய்த்தாவது துவைத்துத்தான் கட்டினோம். குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க ஒரு மறைவிடமும் எங்களுக்குக் கொடுக்காதவர்கள் கொடுத்திருந்தால் என் தங்கைக்கு இன்று பேரன் இருந்திருப்பான். எங்களிடம் இல்லாமல் போனது வசதி. பழக்கத்தில் குறை சொல்ல அங்கே எதுவும் இருக்கவில்லை.

பேரன் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டான். அன்று கிளம்பும்போது பூந்தொட்டிப் பக்கம் போகச் சொன்னதற்கு, கை இரண்டையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, மண்ணு தொட்டா எரியும்" என்றான். மண் தொட்டால் எரியாது கண்ணு, உன் கண்ணில் எரிந்தது வேறு என்று சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை.

அந்தக் காணொளியை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். என் பக்கம் நியாயம் என்று சொல்லிப் பகிர்பவர்களும்தான். அதில் அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறான், முகம் தெளிவாகத் தெரிகிறது.