அவை கம்பெனி போட்ட லயம் இல்லை

அந்தக் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள், "உங்க ஊர்தானே இது?" என்று சிரிக்கிற பொம்மையோடு. ஆமாம், எங்கள் ஊர்தான். பிரிட்டனின் தெற்கு வேல்ஸ், ரோன்தா பள்ளத்தாக்கு. ட்ரோனைப் பறக்கவிட்டு அந்தத் தம்பி சொன்னது: "நிலக்கரிக் கம்பெனிக்காரன் கூலி ஆட்களை அடைச்சு வைக்கக் கட்டிப்போட்ட லயம். தீப்பெட்டி மாதிரி. இன்னும் இடிக்காம வச்சிருக்காங்க."

லயம் என்றால், தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இன்று காலை என் சொந்த சித்தப்பா மகனும் அதைப் பகிர்ந்து, "நம்ம அக்கா இந்த லாயத்துலதான் இருக்கு" என்று எழுதியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

முதலில் விஷயம். இந்த வீடுகளில் பெரும்பகுதி கம்பெனி கட்டியதில்லை. கம்பெனி கட்டியவையும் உண்டு, லாபத்துக்காகக் கட்டி வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. ஆனால் ரோன்தாவில் தெருத்தெருவாக எழுந்த வீடுகளில் எத்தனையோ, சுரங்கத் தொழிலாளிகள் தாங்களே கூடிக் கட்டிக்கொண்டவை. 'பில்டிங் கிளப்' என்பார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் குலுக்கல் சீட்டு. இருபது முப்பது பேர் சேர்வார்கள். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டுவார்கள். அதைக் காட்டிக் கடன் வாங்கி, மேஸ்திரியை அமர்த்தி, ஒரு வரிசை முழுக்கக் கட்டுவார்கள். கட்டி முடிந்ததும் யாருக்கு எந்த வீடு என்று குலுக்கிப் போடுவார்கள். கடன் அடைந்ததும் கிளப்பைக் கலைத்துவிடுவார்கள். வீடுகள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். எந்த வீடு யாருக்கு விழும் என்று தெரியாதபோது எல்லா வீட்டையும் ஒரே மாதிரிதான் கட்டுவார்கள். ஒன்றில் அறை பெரிதாக இருந்தால் சண்டை வராதா?

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 86 வயது. அவருடைய அம்மாவழித் தாத்தா அப்படிக் குலுக்கலில் வாங்கிய வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். அதைத்தான் 'அடைச்சு வச்ச லயம்' என்கிறீர்கள்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1851இல் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. ஆடு மேய்கிற மலைச்சரிவு. பியூட் பிரபு குடும்பத்தின் ஆட்கள் ட்ரிஹெர்பர்ட் பக்கம் ஒரு பண்ணையை வாங்கிக் குழி வெட்டி, 1855இல் நீராவி என்ஜின்களுக்கான நிலக்கரியை முதன்முதலில் கார்டிஃப் துறைமுகத்துக்கு ரயிலில் அனுப்பினார்கள். 1911இல் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடமோ இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு ஓடை, ஒரு ரயில் பாதை, அவ்வளவுதான். அதனால்தான் வீடுகள் மலையின் வளைவோடு வளைந்து, ஒன்றின் தோளை ஒன்று பிடித்தபடி நிற்கின்றன. சரிவில் கட்டியதால் முன்பக்கம் பார்த்தால் இரண்டு மாடி, பின்பக்கம் போனால் மூன்று. சுவர், அந்த மலையிலேயே வெட்டிய பென்னன்ட் மணற்கல். ஜன்னலையும் கதவையும் சுற்றி மட்டும் மஞ்சள் அல்லது சிவப்புச் செங்கல். மேலே வேல்ஸ் ஸ்லேட் ஓடு. இதைத் தீப்பெட்டி என்று சொல்ல ட்ரோன் உயரத்தில்தான் முடியும்.

உள்ளே வந்து பார்த்தால் தெரியும். முன்னறை ஒன்று, யாரும் உட்காராத அறை. பாதிரியார் வந்தால், கிறிஸ்துமஸ் என்றால், சாவு விழுந்தால் திறப்பது. வாழ்க்கை முழுக்கப் பின்னால், அடுப்பு இருக்கிற அறையில். அதற்கும் பின்னால் முற்றம், கரி போடும் கொட்டகை, தோட்டத்துக் கோடியில் கழிப்பறை. குழியில் வேலை பார்ப்பவருக்குக் கொடுக்கிற கரியை லாரியிலிருந்து பின்சந்தில் குவித்துவிட்டுப் போவார்கள். வாளி வாளியாக உள்ளே சுமந்தது யார்? பெண்கள். கரி படிந்து வருகிறவருக்கு வெந்நீர் காய்ச்சி அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் ஊற்றியது யார்? அதே பெண்கள். ஒரே வீட்டில் அப்பா ஒரு ஷிப்ட், அண்ணன் ஒரு ஷிப்ட் என்றால் நாள் முழுக்க அண்டா அடுப்பில்தான். 1919இல் ரோன்தாவிலிருந்து எலிசபெத் ஆண்ட்ரூஸ் என்ற பெண் லண்டனுக்குப் போய், நிலக்கரித் தொழிலைப் பற்றி அரசு அமைத்த சேங்கி விசாரணைக் குழுவின் முன்னால் இதைத்தான் சொன்னார். கனமான அண்டாவைத் தூக்கிப் பெண்கள் படுகிற பாட்டை, கொதிநீர் பட்டு வெந்த குழந்தைகளை. குழி வாசலிலேயே குளியலறை கட்டித் தாருங்கள் என்று கேட்டார். 1926 சட்டத்துக்குப் பிறகுதான் அதற்கு ஒழுங்காகப் பணம் வந்தது.

"கல்வீட்டில் ஈரம் இறங்கும், குளிர் தாங்காது, அதையும் சொல்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. இந்த மாதிரி வீட்டில்தான் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். ஜனவரியில் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் விரல் நனையும். அதற்காகக் கட்டியவர்களைக் கேவலமாகப் பேச வேண்டுமா?

"தோட்டத்து லயங்களைப் பற்றி எழுதாதவள் வெள்ளைக்காரன் வீட்டுக்கு வக்காலத்தா?" இதுவும் வரும். இலங்கை மலையகத்தின் லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்றுவரை அந்த மண்ணில் உரிமை கிடையாது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்தோடு தலைமுறைகள் வாழ்ந்தார்கள். அந்த வலியைச் சுமக்கிற சொல்லை எடுத்து, பார்க்கிற வரிசை வீட்டிலெல்லாம் ஒட்டியது நானா? வடக்கு இங்கிலாந்தின் டர்ஹம் நிலக்கரி ஊர்களில் கம்பெனி வீடுதான் அதிகம். 1844 வேலைநிறுத்தத்தில் குடும்பங்களைச் சாமானோடு தெருவில் தூக்கிப் போட்டார்கள். லயம் என்று சொல்லியே ஆக வேண்டுமானால் அங்கே சொல்லுங்கள். இங்கே அந்தப் பயம் வேண்டாம் என்றுதான் சீட்டுப் போட்டுக் கட்டினார்கள்.

கட்டியும் மண் சொந்தமில்லை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 99 வருடக் குத்தகை. வீடு உன்னுடையது, அடிமனை பிரபுவுடையது. கோயில் மனையில் வீடு கட்டி அடிமனை வாடகை கட்டுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். 1860களில் போட்ட குத்தகைகள் 1960களில் முடிந்தபோது, தாத்தா கட்டிய வீடு அப்படியே நிலக்காரருக்குப் போகும் என்று நின்றது. தெற்கு வேல்ஸ் கொதித்தது. 1967இல் சட்டம் வந்த பிறகுதான் மண்ணையும் விலை கொடுத்து வாங்கும் உரிமை கிடைத்தது. பாட்டியின் கணவர் அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அந்தச் சுவரில் அவருடைய படம்கூட அதற்குக் கீழேதான்.

அப்புறம் அந்த "இன்னும் இடிக்காம". டர்ஹம் மாவட்டத்தில் இடித்துப் பார்த்தார்கள். 1951 திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க ஊர்களை 'டி' வகை என்று முத்திரை குத்தினார்கள். அங்கே புதிதாக ஒன்றும் கட்டக் கூடாது, தானாகச் சாகட்டும் என்று பொருள். 1977இல் கைவிட்டார்கள். அதற்குள் சில ஊர்களே இல்லாமல் போய்விட்டன. ரோன்தாவின் கடைசிக் குழி மார்டி, 1990 டிசம்பரில் மூடியாயிற்று. வேலை போய்விட்டது. மிச்சம் இருப்பது வீடும், பக்கத்து வீடும்தான். அதையும் இடித்துவிடலாமா?

நான் இங்கே வந்த முதல் குளிர்காலம். இரவுப் பணி முடித்து வருகிறேன், தெரு முழுக்கப் பனி. என் வாசலில் மட்டும் இல்லை. பாட்டி விடியற்காலையில் தன் வாசலைத் தள்ளிய கையோடு என் வாசலையும் தள்ளி, உப்புத் தூவி வைத்திருந்தார். அதுவரை நாங்கள் பேசியதுகூட இல்லை. ஒரே சுவர்தானே, உன் வாசல் என் வாசல் என்று எங்கே பிரிப்பது என்றார். அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன். அம்மா கேட்டார், "அந்த வீட்டை விட்டுட்டு நல்ல வீடு பார்க்கக் கூடாதா?" என் வீட்டாருக்கு ஒன்பது வருடமாக இதே கேள்விதான். தனி வீடு இல்லை, போர்டிகோ இல்லை, படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை. சித்தப்பா மகனே, நீ லாயம் என்று எழுதினாயே, அந்த வீட்டிலிருந்துதான் உன் கல்லூரிக் கட்டணம் இரண்டு வருடம் வந்தது. சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

காணொளியில் நான்காவது நிமிடம் ஒரு பச்சைக் கதவு வரும். வாசலில் நின்று ஒரு வயதான அம்மா ட்ரோனைப் பார்த்துக் கையாட்டுவார். அதுதான் பாட்டி. "உங்கள் ஊர்ப் பையன்கள் நம் தெருவைப் படம் பிடித்தார்களே, எப்போது வரும், என்ன பேசினார்கள்?" என்று மூன்று நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.