பிரஷ் பிடித்த கை டேப்லெட்டுக்கு வரட்டும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். முன்பெல்லாம் பெற்றோர் "எந்த கம்பெனி கலர் வாங்கலாம், மிஸ்?" என்று கேட்பார்கள். இப்போது "நேரா டேப்லெட்லயே ஆரம்பிச்சிடலாமா, மிஸ்?" என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், வாட்டர்கலரிலும் ஆயிலிலும் ஊறிப்போன என் ஓவிய நண்பர்கள் சிலர் டிஜிட்டல் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "அதுல என்ன இருக்கு, மிஷினே வரைஞ்சிடுதே" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக இரண்டாம் தரப்புக்கு.

மிஷின் வரைவதில்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் படம் கொட்டுகிற ஏஐ வேறு சங்கதி, அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். டேப்லெட்டில் பேனாவை வைத்தால் கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கைதான் சொல்லியாக வேண்டும். கோட்டுக்குப் பேர்போன டிராட்ஸ்கி மருது சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வந்தவர். தமிழ்நாட்டில் கணினியை ஓவியக் கருவியாகக் கையில் எடுத்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐபேடைத் தொட்டார். 2011-ல் யார்க்‌ஷையரில் வசந்தம் வருவதை அதிலேயே தொடர்ந்து வரைந்து, 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் பெரிய பிரிண்ட்டுகளாக மாட்டினார். பெயிண்டையும் அவர் விட்டுவிடவில்லை. அதே கண்காட்சியில் ஆயில் படங்களும் இருந்தன.

பழைய மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், நான் நம் ஊர் மஞ்சள் சுவரைத்தான் காட்டுவேன். துய்மா வீதியில் பத்து மணி வெயிலில் நின்று பாருங்கள். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மேலே காகிதப்பூ, சுவரில் அதன் நிழல். டிஜிட்டலில் முதல் முறை வரைகிற பிள்ளை அந்த நிழலுக்கு என்ன செய்யும்? நிறம் தேர்ந்தெடுக்கிற வட்டமான கலர் வீலில் அதே மஞ்சளை வைத்துக்கொண்டு நேராகக் கறுப்புப் பக்கம் இழுக்கும். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பாசி பிடித்த பச்சையாகத் தெரியும், சுவர் அழுகிவிடும். வாட்டர்கலர் தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். தண்ணீர் கலந்து மெல்லப் பூசிய மஞ்சள் வாஷ் காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய ஊதாவை ஒரு தடவை ஓட்டுவார். நிழல் சூடான பழுப்பாக வந்து உட்காரும். டிஜிட்டலில் படத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி வரையலாம், ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். அதில் மல்டிப்ளை என்ற வகை லேயர் இதே வேலையைச் செய்கிறது. கீழே இருக்கும் நிறத்தையும் மேலே போடும் நிறத்தையும் அது பெருக்குகிறது, அதனால் எப்போதும் இருண்டுதான் போகும், கீழ் நிறம் உள்ளே தெரியும். காய்ந்த வாஷ் மேல் இன்னொரு வாஷ் போடுவதற்கு இதைவிட நெருக்கமான ஒன்று மென்பொருளில் இல்லை. இந்த லேயர் எதற்கு என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தும் பலருக்குப் பிடிபடுவதில்லை. வாட்டர்கலர்காரருக்கு ஒரு வாக்கியம் போதும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவிட முடியாது. நிறம் கலப்பதில் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. தட்டில் மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. திரையில் சுத்த மஞ்சளையும் சுத்த நீலத்தையும் சரிபாதி கலந்தால் சாம்பல். திரை ஒளியால் ஆனது, நிறமியால் ஆனதல்ல. பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டு நிறங்களின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கின்றன, அவ்வளவுதான். நிறமி கலப்பதைப் போலவே கணக்குப் போடும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன, ஆனாலும் இந்த அடிப்படையைத் தெரிந்துகொள்ளாமல் உட்கார்ந்தால் "என் கலர் ஏன் செத்துப்போகுது" என்று ஆறு மாதம் புலம்ப வேண்டியிருக்கும். இடையில் வரும் நிறத்தைக் கலந்து எடுக்காமல் நேராகத் தேர்ந்தெடுங்கள். கண் ஏற்கெனவே பழகியிருப்பதால் அது சீக்கிரம் வந்துவிடும்.

இப்போது நான் மிகவும் அக்கறைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதம்தான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைத் தூண்களுக்கு இடையில் காலை வெயிலில் மினுக்குகிற கடலை வரைய வேண்டுமென்றால், முதல் வாஷ் போடும் முன்பே அந்த மினுக்கலுக்கான இடத்தை மனதில் ஒதுக்கியாக வேண்டும். வாஷ் காய்வதற்குள் விளிம்பை முடிக்க வேண்டும். சூரியன் கொஞ்சம் ஏறினால் நிழலே வேறு. ஆக, ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுத்தே தீர வேண்டும், காகிதம் நம்மை விடாது. டிஜிட்டலில் எதுவும் காய்வதில்லை. எதுவும் மறுப்பதில்லை. போட்ட கோட்டை இல்லாமல் செய்யும் அன்டூ இருக்கிறது, லேயரை மறைக்கலாம், வானத்தின் நிறத்தை மூன்றாம் நாளும் மாற்றலாம். திறமையான பிள்ளைகள் ஒரே முகத்தின் மூக்கை நாள்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பதை நான் பார்க்கிறேன். கை சரியாகத்தான் இருக்கிறது, முடிவெடுக்கும் பழக்கம் வளரவில்லை. காகிதத்தில் வளர்ந்தவர்களிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது. நீங்கள் டேப்லெட்டுக்குக் கொண்டுவர வேண்டிய முதல் சொத்து அதுதான்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் சில தடைகளை நானே போடுகிறேன். ஒரே லேயர். ஒரே ஒரு ரவுண்டு பிரஷ். அன்டூ கிடையாது, தவறினால் மேலேயே பெயிண்ட் செய். ஜூம் கிடையாது. கடைசித் தடைக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். ஆனால் ஜூம் போல ஆளைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. நாலு மடங்கு பெரிதாக்கி இமை முடியைப் போட்டுக்கொண்டிருப்போம், முழுப் படத்தில் அது ஒரு புள்ளிகூடத் தெரியாது. படம் நிறுத்தும் ஈசல் பலகையிலிருந்து நாலு அடி பின்னால் போய்ப் பார்க்கும் வழக்கம் ஓவியர்களுக்கு இருக்கிறதே, அதைத் திரையிலும் விடாமல் செய்யுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும் பட்டன் எல்லா மென்பொருளிலும் உண்டு. கண்ணாடியில் படத்தைப் பார்த்துக் கோணலைக் கண்டுபிடிக்கும் பழைய உத்திதான் அது, டா வின்சி காலத்திலேயே இருந்தது.

டேப்லெட் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். திரையே இல்லாமல் கணினியில் செருகி வரைகிற டேப்லெட்டும் உண்டு. அதில் உள்ளங்கையளவு ஒன்றைப் பெரிய மானிட்டரோடு இணைத்தால் மணிக்கட்டு மட்டும்தான் அசையும். கரியில் முழு சார்ட் அளவுக்குத் தோளிலிருந்து கோடு இழுத்துப் பழகியவருக்கு இது கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள். திரை இல்லாத டேப்லெட்டில் கை மேசையில், கண் மானிட்டரில். முதலில் தடுமாறும், பிறகு பழகிவிடும். சில ஆயிரம் ரூபாயில் நல்லதாகவே கிடைக்கிறது. மென்பொருளுக்குக் காசே வேண்டாம், கிரிட்டா இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். லட்ச ரூபாய்க் கருவி இருந்தால்தான் வரைய முடியும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

வெளியில் போய் வரைவதற்கு மட்டும் நான் இன்றும் காகிதத்தின் பக்கம்தான். நம் கடற்கரை வெயிலில் டேப்லெட் திரையில் நம் முகம்தான் தெரியும். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைத்து வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறம் வேறாக இருக்கும். ஸ்பாட்டில் சின்ன நோட்டில் வாட்டர்கலர், வீட்டில் அதைப் பார்த்து டிஜிட்டல் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை தலைகீழ். காற்றில் இருக்கும் ஈரத்துக்கு வாஷ் காயவே காயாது, அடுக்கி வைத்த பேப்பரில் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் டேப்லெட் பெரிய உதவி.

பிரிண்ட் போடுகிற எண்ணம் இருந்தால் தொடங்கும்போதே அளவைத் தீர்மானியுங்கள். ஏ3-க்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508-க்கு 4961 பிக்சல். பிறகு பெரிதாக்கினால் கலங்கிவிடும். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சு மையில் மங்கித்தான் வரும், அதற்கு பிரிண்ட் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பெற்றோருக்கு என் பதில்: வெயில், நிழல், இரண்டுக்கும் நடுவே ஒன்று. இந்த மூன்று டோனைப் பென்சிலில் பிள்ளை பிரித்துக் காட்டட்டும். காட்டிய அன்றே டேப்லெட் கொடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

கடைசியாக ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதி வாழ்ந்தவர்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு புதுச்சேரியிலும் கடலூரிலும் அவர்கள் வேலை அநேகமாகப் போய்விட்டது. கம்ப்யூட்டர் எங்கள் சோற்றைப் பறித்தது என்று அவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று நடந்த அநியாயம் இன்னொன்று உண்டு. 'ழ'-வின் சுழி எங்கே திரும்ப வேண்டும், 'ஞ'-வுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்த கைகளை யாரும் கணினி முன் உட்கார வைக்கவில்லை. எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டத் தெரிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நம் தெருக்களில் தமிழ் எழுத்து இன்று இருக்கும் கோலத்துக்கு அது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த அண்ணன்மார்கள் பலருக்கு இன்னும் கை நடுங்கவில்லை. எழுத்து வரைய டேப்லெட் அருமையான கருவி, பிரஷ்ஷின் அழுத்தத்தை அது அப்படியே வாங்கிக்கொள்ளும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என்னிடம் ஒரு டேப்லெட் சும்மா இருக்கிறது, கிரிட்டா போட்ட பழைய லேப்டாப்பும் இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் மாடி காலிதான். கட்டணம் கிடையாது, வரச் சொல்லுங்கள்.