உறை பிரிக்காத புத்தகம்

நேற்றிரவே எழுதியிருந்தால் இன்னும் காரமாக வந்திருக்கும். தூங்கி எழுந்துதான் எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் இணையவழி நடக்கும் தமிழ் நூல் உரையாடல் தொடரில், நேற்று ஓர் எழுத்தாளரின் புது நூலைப் பற்றிப் பேசினார்கள். நடந்ததை முதலிலிருந்து விளக்கப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். "நூலை முழுமையாக வாசிக்க நேரம் அமையவில்லை. எழுத்தாளரே எதிரில் இருக்கும்போது நாம் எதற்கு வாசிக்க வேண்டும்?" என்று நெறியாளர் சிரித்தார். திரையில் பாதிக் கட்டங்கள் சிரித்தன. எழுத்தாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னை உறுத்தியது அந்தப் பேச்சுகூட அல்ல. அட்டையைக் காட்டுங்கள் என்று யாரோ கேட்டார்கள். நெறியாளர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். மேசை விளக்கு பட்டு அட்டை பளபளத்தது. வழவழப்பான அட்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். சற்றுச் சாய்த்தபோதுதான் மூலையில் சுருங்கியிருந்த கண்ணாடித்தாள் தெரிந்தது. உறையையே பிரிக்கவில்லை. "முழுமையாக" வாசிக்கவில்லையாம்!

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நூலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டால் அந்த நூலை வாசித்துவிட்டு வாருங்கள். மொத்தம் 140 பக்கம். வேலைக்குப் போய்வரும் எம்ஆர்டி ரயிலில் நான்கு நாளில் நான் முடித்தேன். அதிலும் ஒரு நாள் நின்றுகொண்டே.

காலையில் ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தார். "அக்கா, அவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், விட்டுவிடுங்களேன்." தம்பி, எழுதியவர் மட்டும் சம்பளமா வாங்கினார்? மூன்று வருடம் எழுதி, அச்சுக்கூலி கொடுத்து, பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறார். தொண்டு என்றால் இருவருக்கும் தொண்டுதான்.

இணைய நிகழ்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் இன்னொருவர். இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொரோனா முடக்கமான கிருமி முறியடிப்புக் காலம் தொடங்கி எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது, இலக்கியத்துக்கு மூச்சு விட வழி கொடுத்தவை இந்தத் திரைச் சந்திப்புகள்தாம். சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவே அந்த ஆண்டு இணையத்துக்கு மாறியது. இங்கே எட்டு மணிக்குத் தொடங்கினால் சென்னையில் ஐந்தரை. அங்கே ஒருவர் மாலைக் காப்பியோடு வந்து உட்கார்கிறார். பினாங்கில் இருக்கும் என் அத்தை முழங்கால் வலியோடு எந்த அரங்குக்கு வருவார்? அதனால்தான் இந்த எட்டு வாரத் தொடரை நான்கூடப் பத்துப் பேருக்குச் சொன்னேன். வாராவாரம் ஒரு புது நூல் என்பது சின்ன விஷயமா? திரைமேல் குறையில்லை ஐயா. அரங்கிலும் வாசிக்காமல் வந்தவர்கள் உண்டு. அங்கே பொன்னாடை மறைத்துவிடும்.

அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். "உங்கள் நூலைத் தொடரில் சேர்க்கவில்லை, அந்தக் கோபம்தானே?" சேர்க்கவில்லை. கோபமும் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதுவல்ல காரணம். என் தொகுப்புக்கும் ஒருமுறை இப்படி உரையாடல் நடந்தது. ஏழு கதைகள். நான்கில் சாவு வரும். மூன்றாவது கதை, மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மல்லிகை என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்த என் அம்மாவின் கதை. நெறியாளர் தொடங்கினார்: "கலகலப்பான குடும்பக் கதைகளைத் தந்திருக்கிறீர்கள்." அட்டையில் கோலம் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். நானும் சிரித்தேன். நேற்றுப் பார்த்தேனே, அதே சிரிப்பு. பிறகு வழக்கமான கேள்விகள். எழுதத் தூண்டியது எது, இளையருக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள், அடுத்த நூல் எப்போது. இந்த நூல் எப்போது என்று யாராவது கேட்டால் தேவலை.

என் மாமா, தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்ற மலரில் எழுதிப் பழகிய தலைமுறை. ஒரு நூலைப் பற்றிப் பேசப் போகிறார் என்றால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் அந்த நூல்தான் கிடக்கும். பழைய பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்துப் பக்க அடையாளம் வைப்பார். மேடையில் சில சமயம் கடுமையாகத் திட்டுவார். திட்டு வாங்கியவர்கள் அடுத்த மாதமே வீட்டுக்கு வந்து கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். வாசித்துவிட்டுத் திட்டினாரே!

இந்த ஊரில் ஒரு நூல் வெளியானால் நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். நூலைப் பத்திரப்படுத்தச் சட்டம் இருக்கிறது. பிரித்துப் பார்க்க வைக்கும் சட்டம் எங்கே? தமிழகத்திலிருந்து ஒருவர் வந்தால் மட்டும், இதே ஆட்கள் அவர் பிறருக்கு எழுதிக்கொடுத்த முன்னுரைகளைக்கூட வரிக்கு வரி ஒப்பிக்கிறார்கள். நம் அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டுக்காரர் எழுதினால் கைதட்டும் மஞ்சள் கைப் படம் ஒன்று திரையில் மேலெழும்பிப் போகிறது. போதும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைச் சொன்னால் உள்ளூர், வெளியூர் என்று பிரித்துப் பேசுகிறேன் என்பார்கள். சொல்லட்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் எழுத்தாளருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 88ஆம் பக்கத்தில் அந்தப் பெண் ஏன் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை என்று கேட்டேன். பதினொன்றரைக்குப் பதில் வரத் தொடங்கியது. ஒரு மணிக்கும் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமைக்கான நூல் என்னிடம் இருக்கிறது. நெறியாளர் யாராக இருந்தாலும் இரவல் தருகிறேன். உறை பிரித்தாகிவிட்டது.