கேட்டை மூடுகிறவருக்காக நில்லுங்களேன்

இங்கிலாந்தின் பிரைடில்வே எனப்படும், குதிரையில் போக அனுமதியுள்ள பொதுப்பாதைகளில் கூட்டமாகக் குதிரைச் சவாரி போனால் அடிக்கடி கேட் வரும். ஒருவர் இறங்கித் திறந்து, எல்லாரையும் விட்டுவிட்டுத் தாழ்ப்பாள் போடுவார். அதற்குள் முன்னால் போனவர்கள் பாய்ச்சலில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படி என்ன அவசரம்? குதிரை மந்தை விலங்கு. கூட்டம் கண்ணைவிட்டு மறைந்தாலே பதறும். ஒரு கால் அங்கவடி வளையத்திலும் மறுகால் தரையிலுமாக இருக்கும்போது அது சுழன்றால் அவர் கதி? அவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் நுழைத்து, ‘சரி’ என்று குரல் கொடுக்கும்வரை நில்லுங்கள். கேட்டை அடைத்துக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் தள்ளி, குதிரை முகத்தை அவர் பக்கம் திருப்பி நில்லுங்கள்.

முன்குதிரையின் வாலில் மூக்கை இடித்துக்கொண்டே வருகிறவர்களை என்ன சொல்ல? குறைந்தது ஒரு குதிரை நீளம், ஏறக்குறைய 8 அடி விடவேண்டும். உங்கள் குதிரையின் காதுகளுக்கு நடுவே முன்குதிரையின் பின்குளம்புகள் தெரிந்தால் தூரம் சரி. வாலில் சிவப்பு ரிப்பன் இருந்தால் அது உதைக்கிற குதிரை. இன்னும் தள்ளியே வாருங்கள். உதை பெரும்பாலும் பின்னால் வருபவரின் முழங்காலிலோ குதிரையின் முன்னங்காலிலோதான் விழும். பச்சை ரிப்பன் என்றால் இளங்குதிரை அல்லது அனுபவமில்லாத குதிரை. அதில் வருபவரிடம் சொல்லிவிட்டு, நடையிலேயே கடந்துபோங்கள். சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு வரிசை நடுவில் நுழைகிறவர்கள் வேறு! உங்கள் இடம் கடைசியில்.